வெசனத்தை யாரிடம் சொல்வது? சொந்தம், கோயில், ஜி.எச்., கவுன்சிலிங், போன்

அப்பா போய் எட்டு மாதம் ஆன பிறகும் அம்மா காலையில் இரண்டு டம்ளரில்தான் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் குடிப்பார், இன்னொன்று திண்ணையில் ஆறிக் கிடக்கும், பத்து மணிக்கு அதை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பால் கறப்பதை விட்டுவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு, தூக்கம் வரல" என்று மட்டும் சொல்வார். எங்கள் பக்கம் இதற்கு வெசனம் என்று பேர். கவலை, துக்கம் என்று எப்படிச் சொன்னாலும் அது முழுசாக வராது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அம்மாவும் தம்பியும் கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூர் வழியாக பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுதோடு திரும்பி வருவேன். இப்படி வந்து போய்க்கொண்டே, அம்மாவுக்கு என்ன செய்வது என்று ஆறு மாதம் ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். எது எதற்கு உதவியது, எது உதவவில்லை என்று இதே நிலையில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "பேரு போடாம எழுது சாமி" என்றார்.

முதலில் சொந்தம். நம் ஊரில் யாரும் யாரையும் தனியாக விடுவதில்லை, அது உண்மையிலேயே பெரிய விஷயம். முதல் மூன்று மாதம் வீட்டில் ஆள் இல்லாத நாளே கிடையாது. சின்னம்மா வந்து பத்து நாள் இருந்தார், அத்தை வாரம் ஒருமுறை அரிசியும் பருப்பும் சோறு ஆக்கிப் போசியில் எடுத்து வருவார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்பாவுடன் தண்ணி கட்டிய கதையெல்லாம் மணிக்கணக்கில் பழமை பேசுவார். இதெல்லாம் இல்லாமல் அந்த நாட்களை அம்மா தாண்டியிருக்க முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், துக்கம் நடந்த வீட்டில் எல்லோரையும் உடனே கவுன்சிலிங்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எதுவும் கிடையாது. துக்கம் ஒரு சீக்கு இல்லை. பெரும்பாலானவர்கள் சொந்தபந்தம் சூழ, நாள் போகப் போகத் தாங்களே மேலேறி வருகிறார்கள். அப்படி வராமல் ஆறு மாதத்துக்கு மேலும் அதே கனத்தோடு, அன்றாட வேலையையே செய்யவிடாமல் பிடித்து வைத்திருந்தால்தான் அதை வேறு மாதிரி பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022ல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், நீடித்த துக்கம் என்று அதற்குத் தனியாக ஒரு பெயரே சேர்த்திருக்கிறார்கள். அப்பா போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

சொந்தத்தால் முடியாதது எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நான் அந்த டம்ளரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். "அதைத் தூக்கி உள்ளே வைங்க அக்கா, பாக்கப் பாக்க மனசு கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் சின்னம்மா. "பசங்க மூஞ்சியப் பாத்து மனசைத் தேத்திக்கணும்" என்றார் அத்தை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் எல்லோருக்குமே அம்மா சீக்கிரம் பழைய ஆளாக வேண்டியிருந்தது, எனக்கும் தம்பிக்கும்கூட. அம்மா அழுதால் நாங்கள் கலங்கிப்போகிறோம் என்று அவர் எங்கள் முன்னால் அழுவதை நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்து, தேறி வருகிறார் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

அப்புறம் நம் பக்கத்து நிலைமை ஒன்று இருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் யாரிடம் என்ன சொன்னாலும் அவர் ஒரு வகையில் மாமன், ஒரு வகையில் பங்காளி, இல்லாவிட்டால் சீட்டு போடுகிற இடத்தில் கூட இருப்பவர். தோட்டங்காட்டில் இருக்கிற பையன்களுக்குப் பெண் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிற காலத்தில், "அவங்கம்மாவுக்கு மனசு சரியில்லையாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் தம்பியின் ஜாதகத்தை யாரும் கையில் வாங்க மாட்டார்கள் என்று அம்மா பயந்தார். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நடக்கக்கூடியதுதான்.

கோயிலையும் விட்டுவிடக் கூடாது. அம்மாவுக்குப் பாரியூர் அம்மன்தான் எல்லாம். தீட்டு கழிந்தும் அவர் போகாமல் இருந்ததுதான் எனக்கு முதலில் உறைத்த அறிகுறி. பச்சைமலைப் படியேறி இறங்குகிற வெள்ளிக்கிழமைகளில் அன்று ராத்திரி ஒரு நாலு மணி நேரம் தூங்குவார், உடம்பு அசந்ததாலா, சாமி கும்பிட்டதாலா என்று பிரித்துப் பார்க்க நான் போகவில்லை. ஆனால் கோயில் வேறு, மந்திரிக்கிறவரிடமும் குறி சொல்கிறவரிடமும் போவது வேறு. உறவில் ஒருவர் சொல்லி ஒரு இடத்துக்குப் போனோம். அப்பா ஆத்மா சாந்தியடையவில்லை, பரிகாரம் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பதினோராயிரம் ரூபாய் கேட்டார்கள். அப்பா அலைந்துகொண்டிருக்கிறார் என்பதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அம்மா முழு ராத்திரியும் உட்கார்ந்திருந்தார். வெசனத்தோடு வந்தவருக்குப் பயத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிற இடத்துக்கு ஒருமுறைக்கு மேல் போகாதீர்கள். மருத்துவத்தை நிறுத்திவிட்டு இங்கேயே இருங்கள் என்று சொல்கிற இடம் என்றால் அந்த ஒருமுறையும் வேண்டாம். 2001ல் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை நம் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அதன் பிறகு தர்காவுக்குப் பக்கத்திலேயே மருத்துவமும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. வேண்டுதலும் மாத்திரையும் கூடவே இருக்கலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

மூன்றாவது அரசு ஆஸ்பத்திரி. எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, நாட்டில் 1996ல் ஆரம்பித்தது. கோவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பெருந்துறை, ஈரோடு, சேலம் என்று நம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை காசில்லாமல் கிடைக்கும். பனியன் கம்பெனி, மில் வேலையில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறவர்கள் அந்த அட்டையையும் எடுத்துப் பார்க்கலாம், நம்மை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் அது செல்லும்.

நாங்கள் போன அன்று வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம், டாக்டர் பேசியது ஏழெட்டு நிமிடம். குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் அறுபது பேர் இருந்தார்கள். அந்த ஏழெட்டு நிமிடத்தில் அவர் செய்தது முக்கியமானது. தைராய்டு, ரத்தச் சோகை பார்க்கச் சொன்னார், ஏனென்றால் தைராய்டு குறைந்தாலே உடம்பு அசதி, மனச் சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் வரும். இதைச் சொந்தமோ சாமியாரோ கவுன்சிலிங் செய்கிறவரோ கண்டுபிடிக்க முடியாது. அம்மாவுக்கு அது சரியாக இருந்தது. குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார், பேசிச் சரிசெய்கிற சிகிச்சையும் வேண்டும் என்று அவரே சொன்னார்.

மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தை. மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அன்றே கேட்காது, இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டுவது, தலை கிறுகிறுப்பு எல்லாம் வரலாம், பலன் வருவதற்கு முன்னாலேயே தொந்தரவு வந்துவிடுவதால்தான் நிறையப் பேர் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவும் நிறுத்தினார், மறுபடி டாக்டரைக் கேட்டு ஆரம்பித்தோம். இது போதை மாதிரி பழக்கமாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், இந்த வகை மாத்திரைகள் அப்படி இல்லை. ஆனால் சரியாகிவிட்டது என்று நாமாக டக்கென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் ஏறக்குறைய சமமாகவே வேலை செய்கின்றன, கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு எதை முதலில் செய்வது என்கிற குழப்பம் பாதி குறைந்தது.

இனி கவுன்சிலிங். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் இடத்தில் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். டவுனில் பெரிய போர்டு, ஏசி ரூம், ரூபாய் 1200. அம்மா பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்த அம்மணி கையைக் காட்டி நிறுத்திவிட்டு நல்ல எண்ணம், நன்றியுணர்வு, பிரபஞ்சம் என்று முக்கால் மணி நேரம் சொற்பொழிவு நடத்தினார். கடைசியில் பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார். அம்மா வெளியே வந்து, "இதுக்கு உங்க அத்தையே பரவால்லையே" என்றார். உண்மைதான், அறிவுரைதான் வேண்டும் என்றால் அத்தையிடம் இலவசமாகக் கிடைக்கும், சோறும் சேர்த்து.

நம் ஊரில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் போவதற்கு முன்னால் போனிலேயே என்ன படித்திருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். மனநல மருத்துவர்தான் மாத்திரை எழுதுவார், சைக்காலஜிஸ்ட் எழுத மாட்டார், எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். உளவியலில் முதுகலை முடித்து கவுன்சிலிங் பயிற்சி பெற்ற நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் நான் உள்ளே போக மாட்டேன். மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிற இடமும் வேண்டாம்.

இரண்டாவதாகப் போனது கோவையில், பஸ்ஸில் போய்வர முழு நாளும் போய்விடும். தூரம் என்பதே அம்மாவுக்குப் பிடித்திருந்தது, அங்கே தெரிந்த முகம் எதுவும் வராது. ஒரு முறைக்கு 800 ரூபாய், ஐம்பது நிமிடம். முதல் நாள் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த கவுன்சிலர் அம்மாவிடம் "காலையில எந்திரிச்சதும் என்னங்கம்மா பண்ணுவீங்க" என்றுதான் ஆரம்பித்தார். அம்மா டம்ளரைப் பற்றிச் சொன்னதும் நான் உள்ளுக்குள் பதறினேன், இவரும் எடுத்து உள்ளே வையுங்கள் என்று சொல்லப்போகிறார் என்று. அவர் கேட்டது, "அந்த டம்ளர் எப்ப வாங்கினதுங்க?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர், அடியில் பேர் வெட்டியிருக்கும், பேரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்துவிட்டது, அதைச் சொல்லியே அப்பா முப்பத்திரண்டு வருஷம் அம்மா வீட்டாரைக் கேலி பண்ணியிருக்கிறார். எனக்கு இது எதுவுமே தெரியாது. அந்தத் தப்பெழுத்தைச் சொல்லும்போது அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை அம்மா என்னை வெளியே இருக்கச் சொன்னார். அன்று உள்ளே சொன்னதை எனக்குப் பல வாரம் கழித்துத்தான் சொன்னார். அப்பா அந்தக் கடைசி ராத்திரி நெஞ்சு கரிக்கிறது என்றபோது அம்மா வாயு என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார், காலையில் ஆஸ்பத்திரி போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா விடியற்காலையில் போய்விட்டார். இதைச் சின்னம்மாவிடமோ அத்தையிடமோ அம்மா எப்படிச் சொல்வார்? அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவர். எங்களிடம் எப்படிச் சொல்வார்? நாங்கள் அப்பாவின் பிள்ளைகள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பழமை பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அம்மா இதை விழுங்கிக்கொண்டு எங்களுக்குக் காபி கலந்து கொடுத்திருக்கிறார்.

அப்பா யாரென்றே தெரியாத, நம் குடும்பத்தில் எந்தப் பக்கமும் இல்லாத ஒருவரிடம்தான் அதைச் சொல்ல முடிந்தது. கவுன்சிலிங்கின் மதிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். அவர் "அது உங்க தப்பில்லங்கம்மா" என்று சட்டென்று முடித்துவிடவும் இல்லை. அன்று ராத்திரியை ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாராம், அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, இன்று என்ன தெரியும் என்று தனித்தனியாகப் பிரிக்க வைத்தாராம். முந்தின மாதமும் அதே மாதிரி கரித்துச் சோடாவில் சரியானது அப்போதுதான் அம்மாவுக்கே ஞாபகம் வந்தது. சொல்வது வெளியே போகாது என்பது அவருடைய நல்ல குணம் மட்டும் இல்லை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இந்த ரகசியம் நோயாளியின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

பேச்சோடு முடியவில்லை, வீட்டுக்கு வேலையும் கொடுத்தார். முதல் வாரம் ஒரு மாட்டை மட்டும் அம்மா கறக்க வேண்டும், கறந்த பிறகு மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தெரிந்தது. ஆனால் மனசு சரியானால் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது, வேலையைச் சிறிதாகத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பது இந்தச் சிகிச்சையில் சோதித்துப் பார்த்த வழி. கோவாவில், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்கு இதில் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வொருவரிடமும் 6 முதல் 8 முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததை 2017ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஜிம்பாப்வேயில் பாட்டிகளைப் பயிற்றுவித்து ஆஸ்பத்திரி வாசலில் மரபெஞ்சு போட்டு, பிரச்சினைகளைப் பேசித் தீர்க்கிற சிகிச்சை கொடுத்தார்கள், 2016ல் அதன் பலனும் வெளியானது. அதனால் ஊர்ப் பாட்டியோடு பேசினால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், பாட்டிக்கும் பயிற்சி வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் கஷ்டமான பாடம்.

காசுக் கணக்கு இது. கோவைக்கு இதுவரை ஆறு முறை, 4800 ரூபாய், பஸ் செலவு தனி. முதல் நான்கும் வாரம் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று. இது முடியாதவர்கள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலேயே கவுன்சிலிங்குக்கும் கேளுங்கள், பல இடங்களில் உளவியலாளர் இருக்கிறார், வேலைப்பளு அதிகம் என்பதால் நாமாகக் கேட்டால்தான் நடக்கும்.

கடைசியாகப் போன். 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, இருபத்துநாலு மணி நேரமும் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். அம்மா விஷயமாக முதலில் நான்தான் ஒரு ராத்திரி கூப்பிட்டேன், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சென்னையில் 1986லிருந்து நடக்கிற சினேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கும் பேசலாம், 044 24640050. போனில் ஒவ்வொரு முறையும் அதே ஆள் கிடைக்க மாட்டார், அம்மாவுடைய மாதிரி ஆழத்தில் கிடப்பதைத் தோண்டி எடுக்க அது போதாது. ஆனால் முதல் அடி வைக்கவும், ராத்திரி தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செல்போன் செயலிகளில் பேசுவது அம்மா வயசுக்கு ஒத்துவரவில்லை, அதனால் அதைப் பற்றி எழுத எனக்கு விஷயம் இல்லை.

ஒன்றை மட்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து தனியே எடுத்து வைக்கிறேன். ஒருவர் வாயிலிருந்து "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி வார்த்தை வந்தால் எது நல்லது, எது விலை குறைவு என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கூடவே ஒரு ஆள் இருங்கள், தோட்டத்துப் பூச்சி மருந்து டப்பாக்களைப் பூட்டிச் சாவியை இன்னொரு வீட்டில் கொடுத்துவிடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேராக ஜி.எச்.சுக்குப் போய்விடுங்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2017 சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309ஆம் பிரிவே இல்லை.

அம்மா இப்போது இரண்டு மாட்டையும் கறக்கிறார். காலையில் இன்னமும் இரண்டு டம்ளர் எடுக்கிறார், இரண்டாவதில் கால் டம்ளர் மட்டும் ஊற்றி, அது ஆறும் முன்னால் அவரே குடித்துவிடுகிறார். அதை அவரே முடிவு செய்தார், யாரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஏழாவது முறை, தனியாகவே பஸ் ஏறிப் போய்க்கொள்கிறேன் என்கிறார்.

தம்பிக்குக் கோவையும் ரூமும் சரிப்படாது, ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அவனுக்கு வாயே திறக்காது. அவனுக்கு 14416தான். எண்ணை எழுதி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். போன வாரம் ராத்திரி கரண்ட் வந்து தண்ணி கட்டும்போது வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினானாம், அம்மா சொன்னார். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.